எடை குறைக்க உட்புறம் கழற்றிய ஓர் எஸ்டீம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், முப்பதை நெருங்கும் ஓர் இளைஞர். கையில் 2005 மாடல் மாருதி எஸ்டீம், சென்னைப் பதிவு, இரண்டாவது கையாக வாங்கியது. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம்தான் அந்தத் தடம். நீண்ட நேர்வழிகள் குறைவு, வளைவுகள் நெருக்கம். அங்கே பெரிய இன்ஜினைவிட லேசான வண்டிக்கே மரியாதை.

1298 சிசி இன்ஜினும் 85 குதிரைசக்தியும் போதும், இன்ஜினில் கை வைக்க வேண்டாம், எடையைக் குறைத்தால் சரி என்று அவர் நினைத்தார். நல்ல முடிவு. எஸ்டீமின் எடை சுமார் 875 கிலோ. அதில் 100 கிலோ குறைந்தால், முடுக்கத்தைப் பொறுத்தவரை இன்ஜினில் 10 குதிரைசக்தி கூடியதற்குச் சமம். அவர் எதிர்பார்த்தது அந்த 100 கிலோவைத்தான். சீட், கம்பளம், தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாவற்றையும் எடுப்பது, உள்ளே இருக்கும் பெயின்டை ரிமூவர் போட்டு வெறும் தகடு வரை உரிப்பது, பிறகு அண்டர்பாடிக்கு அடிக்கிற கறுப்பு ரப்பர் கோட்டிங்கை உள்ளேயும் அடித்துவிடுவது என்பதாக இருந்தது அவர் திட்டம். ஒரு நண்பர் மூலமாக, வேலையைத் திட்டமிட்டு மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கழற்றும் முன் எடுத்த முடிவு

வண்டியைத் தடத்தில் மட்டும் ஓட்டப் போகிறாரா, சாலையிலும் ஓட்டப் போகிறாரா என்பது முதலில் முடிவாக வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வேண்டும் என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இருக்கை எண்ணிக்கையும் வெற்று எடையும் பதிவுச் சான்றிலேயே இருக்கின்றன. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், தடத்துக்காக ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்க உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூடு) போட்ட காரைச் சாலையில் ஓட்டுவது ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருக்கக் கூடாது. இதையெல்லாம் பேசிய பிறகு, தடத்துக்கு மட்டும், போகவர டிரக்கில் ஏற்றிக்கொள்வது என்று முடிவானது.

அடுத்தது எடை. ஊருக்கு வெளியே உள்ள எடைமேடையில் நிறுத்தியபோது 870 கிலோ காட்டியது. பெட்ரோல் டேங்க் கிட்டத்தட்ட காலி. அந்த மேடை 10 கிலோ படியில்தான் எண் காட்டும். ஆகவே மொத்த எடைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கழற்றும் ஒவ்வொரு பொருளையும் பட்டறையில் இருந்த மேடைத் தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதினோம். இந்த வேலையில் வீண்போகாத காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த நோட்டைத்தான் சொல்வேன்.

கழற்றியபோது கண்டது

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு சீட்டுகளில் தொடங்கினோம். முன் சீட்டு இரண்டும் சேர்ந்து 28 கிலோ, பின் சீட்டு 13 கிலோ. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியும் ஜாக்கியும் 15 கிலோ. டோர் பேட், ரூஃப் லைனிங், பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் சேர்ந்து 14. பின் தட்டு, ஸ்பீக்கர்கள், பின் சீட் பெல்ட்டுகள் 6. ஒரு மாலைக்குள் 76 கிலோ வெளியே வந்துவிட்டது. அதுவும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்து.

கம்பளத்தைத் தூக்கியபோது எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேலே அலசி, காய வைத்து, சுத்தமாக இருந்த கம்பளம். அடியில் இருந்த ஃபெல்ட்டைப் பிடித்ததும் கையில் பிய்ந்து வந்தது. முன் இடப்பக்கத் தரையில், தார் ஷீட்டின் விளிம்பை ஒட்டி, மாவுபோல் மெல்லிய சாம்பல் நிற வண்டல் கோடாகப் படிந்திருந்தது. அதே கோடு பக்கவாட்டு சில்லின் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்) உட்புறத்தில் சுமார் ஒரு சாண் உயரத்தில் கிடைமட்டமாக ஓடியது. வண்டி எப்போதோ தண்ணீரில் நின்றிருக்கிறது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் பல, சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்ச் சந்தைக்குப் போயின. அந்தக் காலத்துச் சென்னை வண்டியை வாங்குபவர்கள் பாலிஷைப் பார்ப்பதற்கு முன் கம்பளத்தின் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்ப்பது நல்லது.

ஈரம் ஏறிய கம்பளமும் ஃபெல்ட்டும் 7 கிலோ.

தார் ஷீட்

தொழிற்சாலையில் தரைத் தகட்டின் மேல் இந்த ஷீட்டுகளை வைத்து, பெயின்ட் உலைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். தகடு அதிர்ந்து இரையாமல் இருக்கத்தான் அது. எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஹீட் கன்னால் இளக்கி ஸ்கிரேப்பரால் சுரண்டலாம். அல்லது டிரை ஐஸ் (கட்டியாக உறைந்த கரியமில வாயு) வைத்து உறைய வைத்து, தட்டி உடைக்கலாம். சூடு காட்டினால் தார் கையெல்லாம் இழுபடும், பின்னால் தின்னரும் மண்ணெண்ணெயும் போட்டுத் துடைக்கும் வேலை அதிகம், மூடிய காருக்குள் அந்த ஆவி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. டிரை ஐஸின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. தட்டையான தரையில் பரப்பி வைத்தால் ஷீட் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

டிரை ஐஸில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. 1 கிலோ கரைந்தால் சுமார் அரை கன மீட்டர் கரியமில வாயு. 10 கிலோ கொண்டுவந்தால் 5 கன மீட்டர், இந்தக் காரின் உட்புறத்தை முழுதாக நிரப்பி மிஞ்சும். அது காற்றைவிடக் கனமானது, கார்த் தரையில்தான் தங்கும். குனிந்து சுத்தியல் பிடிப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கும். ஆகவே காரைத் திறந்தவெளிக்குத் தள்ளி, கதவுகளையும் டிக்கியையும் முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் ஃபேன் வைத்து, வெயில் ஏறும் முன் வேலையை ஆரம்பித்தோம். டிரை ஐஸ் வைத்த பிறகு காருக்குள் தலையை விடக் கூடாது, துண்டுகளை வெளியே தள்ளிவிட்ட பிறகுதான் தட்ட வேண்டும் என்று விதி. டிங்கருக்கு உதவியாக இருந்த பையன் மெல்லிய ரப்பர் கையுறை போட்டு வந்தான். தோல் கையுறை மாட்டிய பிறகே தொடவிட்டோம்.

தட்டையான இடங்களில் ரப்பர் சுத்தியலின் இரண்டு மூன்று அடிக்கே ஷீட் துண்டு துண்டாகக் கழன்றது. தரையின் நடுவில் நீளமாக எழும்பி நிற்கும் டனலின் வளைவிலும், இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டிலும் ஐஸ் நிற்கவில்லை. அங்கே ஹீட் கன்தான்.

கழன்ற துண்டுகளைத் திருப்பிப் பார்த்தது பயன் தந்தது. ஓட்டுநர் பக்கத் துண்டுகள் கஷ்டப்பட்டுத்தான் வந்தன. அடிப்பக்கம் சுத்தமாக, பெயின்டின் வழவழப்பை அப்படியே அச்செடுத்ததுபோல் இருந்தன. இடப்பக்க முன் தரையில் துண்டுகள் தொட்டதும் வந்தன. அடிப்பக்கத்தில் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருந்தன. தார் ஷீட் சுலபமாக வருகிறது என்று சந்தோஷப்படக் கூடாது. அந்த இடத்தில் தகடும் கூடவே வருகிறது என்று அர்த்தம்.

எல்லாத் தாரையும் கூட்டி அள்ளி நிறுத்தினால் 7 கிலோ. இத்தனை மெனக்கெடலுக்கும் அவ்வளவுதான் எடை. அதிலும் அது காரின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்த எடை, வளைவில் அதிகம் கெடுக்காத எடை.

துருவும் ஒரு வாக்குவாதமும்

டிங்கர் முப்பது வருஷத்துக்கு மேல் தொழிலில் இருப்பவர். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்க சீட் குறுக்குச் சட்டம் தரையோடு சேரும் இடத்தில் சத்தம் மாறியது. முனையைத் திருப்பி வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே இறங்கிவிட்டது.

“இந்த இடத்துல போல்ட் நிக்காதுங்க தம்பி. வெட்டி எடுத்துத்தான் வேற தகடு வைக்கணும்.”

உரிமையாளருக்கு மனம் ஒப்பவில்லை. “அண்ணா, அந்தப் பக்கம் சீட்டே போடப் போறதில்லையே. ஃபைபர் ஒட்டிப் பெயின்ட் அடிச்சுட்டா போதாதா? எடையும் ஏறாது” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குறுக்குச் சட்டம் இடப்பக்க சீட்டுக்கு மட்டுமானது இல்லை. சில்லுக்கும் டனலுக்கும் நடுவில் தரையை விறைப்பாகப் பிடித்து நிற்பது அது. ரோல் கேஜின் ஒரு கால் அதற்குப் பக்கத்தில்தான் இறங்கப் போகிறது. கேஜின் கால் நிற்கும் தகடு வலுவாக இல்லையென்றால் கார் உருளும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஓட்டுநர் பக்கம் துரு இல்லை என்றாலும் அங்கேயும் இதே கண்டிப்பு வேண்டும். மோதலில் 25 ஜி அதிர்ச்சி (புவியீர்ப்பைப்போல் 25 மடங்கு) வந்தால் 75 கிலோ ஆளைப் பிடித்து நிறுத்தக் கிட்டத்தட்ட 1.9 டன் விசை வேண்டும். அதை சீட்டும் பெல்ட்டும் கடைசியில் தரைத் தகட்டிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு அவர் சம்மதித்தார். துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி, 1 மில்லிமீட்டர் சிஆர் ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) அதே வடிவம் மடக்கி, சிஓ2 வெல்டிங் வைத்தார் டிங்கர். ஒட்டுகள் கூட்டிய எடை ஒன்றரை கிலோ.

கேஜுக்குச் சர்வதேச விதிகள் சொல்வதையே அளவாக வைத்தோம். பிரதான வளைவு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மூட்டில்லாத குழாய். மற்றவை 38 விட்டம், 2.5 தடிமன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்கு தகடு. தார் இருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்தால் புகைந்து தீப்பிடிக்கும். கேஜ் போடுவதென்றால் அந்த இடங்களில் தாரை எடுத்தே ஆக வேண்டும். எடைக்காக இல்லாவிட்டாலும் இந்த வேலைக்கு அதுவே தக்க காரணம்.

பெயின்டை உரிப்பதா?

வெறும் தகடு வரை உரிக்கும் திட்டத்தை நிறுத்தியது ஒரு சின்னக் கணக்கு. இந்தக் காரின் உட்புறம் சுமார் 10 சதுர மீட்டர். அங்கே தொழிற்சாலைப் பூச்சு 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் அரை லிட்டர், முக்கால் கிலோகூட வராது. அதற்காக, முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றிய அடிப்பூச்சை இழப்பதா? சுமார் 20 மைக்ரான்தான் அது. ஆனால் மடிப்புகளுக்குள்ளும் பெட்டிச் சட்டங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். எந்தப் பட்டறையிலும் ஸ்ப்ரே கன்னால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதோடு ரிமூவர் மடிப்புகளில் தங்கிவிட்டால் புதுப் பெயின்டையும் அடியிலிருந்து தின்னும். ஆகவே துருவும் வெல்டிங்கும் உள்ள இடங்களில் மட்டும் தகடு வரை போனோம். மற்ற இடங்களில் 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்ததோடு சரி.

ரப்பர் கோட்டிங்கையும் இதே கணக்குதான் விலக்கியது. தரையும் டிக்கியும் 4 சதுர மீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் அடித்தால் 6 லிட்டர், 6 கிலோவுக்கு மேல். எடுத்த தார் 7 கிலோ. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் திரும்ப ஏற்றியிருப்போம். அதுமட்டுமில்லை, கறுப்பு ரப்பருக்கு அடியில் துருவோ விரிசலோ வந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பூசியது

வரிசை இப்படி: துருவின் மிச்சத்துக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், அதைக் கழுவிக் காய வைத்து, கிரீஸ் ரிமூவரால் துடைப்பு, டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) எபாக்ஸி பிரைமர், மடிப்புகளில் பாலியூரித்தேன் (பியூ) சீலர், கடைசியில் வெளிர் சாம்பல் நிற டூ-கே பியூ பெயின்ட், மெல்லிய இரண்டு கோட். வெளிர் நிறம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும், வெல்டிங்கில் முடி அளவு விரிசல் வந்தாலும், அதில் தெரியும். டேஷ்போர்டின் மேற்பரப்பு மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு. இல்லாவிட்டால் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

பெயின்டர் வழக்கம்போல் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். அங்கே வேலையை நிறுத்தினோம். டூ-கே பியூவின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும், வாழ்நாள் முழுக்க. ஆபத்தான அளவை எட்டும்போதும் மூக்குக்குத் தெரியாது. காரின் வெளிப்புறத்தைவிட உட்புறம் அடிப்பது மோசம், தெறிக்கும் பெயின்ட் பனி அடிப்பவரின் முகத்துக்கே திரும்பி வரும். கைக்குட்டை இதற்கு ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. அந்தப் பட்டறையில் அது இல்லை. பூத்தும் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) அந்த முகமூடியும் உள்ள வேறொரு பட்டறையில் இடம் கிடைக்கும் வரை எபாக்ஸியோடு வண்டி காத்திருந்தது. தாமதத்தில் உரிமையாளருக்குக் கொஞ்சம் சலிப்பு. எபாக்ஸியின் மேல் அடுத்த கோட் அடிக்க வேண்டிய அவகாசம் தாண்டிவிட்டதால் மறுபடி தேய்க்கவும் வேண்டியிருந்தது. பெயின்டருக்கு இரண்டு பிள்ளைகள். அந்தத் தாமதத்தை இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

எடைக் கணக்கு

வெளியே போனது மொத்தம் 90 கிலோ. உள்ளே வந்ததில் பெரியது கேஜ், தாங்கு தகடுகளோடு 38 கிலோ. உடலை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், அதன் மவுண்ட், ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) 13 கிலோ. தீயணைப்பான் 3. கதவின் கூர்மையான உள்விளிம்புகளை மூடிய அலுமினியத் தகடும் டனலின் வெப்பத் தடுப்பும் 3. வெல்டிங் ஒட்டு ஒன்றரை, பெயின்டும் சீலரும் காய்ந்த பிறகு சுமார் 2. ஆக 60 கிலோ திரும்பி வந்தது.

எடைமேடை 840 காட்டியது. 100 கிலோ எதிர்பார்த்த இடத்தில் 30. சுமார் 3 குதிரைசக்திக்குச் சமம். உரிமையாளரின் முகம் வாடியது உண்மை. ஆனால் கேஜ் இல்லாமல் 68 கிலோ குறைத்த கார் என்பது, உருண்டால் ஓட்டுநரைக் காக்க ஒன்றும் இல்லாமல் வேகமாக ஓடும் கார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தடத்தில்

சத்தம் எதிர்பார்த்ததுதான். சூடு எதிர்பார்த்ததைவிட அதிகம். சைலன்சர் குழாய் ஓடும் டனலை ஒட்டிய தரையில், வெப்பத் தடுப்பு முடியும் இடத்திலிருந்து ஓட்டுநரின் குதிகாலுக்குச் சூடு ஏறியது. தடுப்புத் தகட்டை நீட்டினோம்.

கடுமையாக பிரேக் பிடித்தபோது பின் சக்கரங்கள் முன்பைவிடச் சீக்கிரம் லாக் ஆயின, அதாவது சுழலாமல் நின்று வழுக்கின. நோட்டைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. பின் சீட், பின் தட்டு, ஸ்டெப்னி எல்லாம் காரின் பின்பாதியில் இருந்தவை. முன்சக்கர இழுவை வண்டியான எஸ்டீமுக்கு முன்பக்கம் ஏற்கெனவே கனம். நாம் லேசாக்கியது லேசாக இருந்த பக்கத்தை. முன் பிரேக் பேடை மாற்றியதும் ஓட்டுநர் பழகியதும் அதைக் கொஞ்சம் சமாளித்தன.

முதல் மழையில் தரையில் தண்ணீர். தார் எடுத்தபோது தரைத் துளைகளின் ரப்பர் அடைப்பான்கள் சில கூடவே வந்திருந்தன, திரும்ப மாட்டப்படவில்லை. புதிது போட்டுச் சீலர் வைத்தாயிற்று. வடகிழக்குப் பருவமழை முடிந்து பார்த்தபோது டிக்கியில் ஒரு மடிப்பின் ஓரம் மெல்லிய பழுப்புக் கோடு. ஹீட் கன்னால் சுரண்டியபோது தொழிற்சாலைச் சீலரும் அங்கே போயிருந்தது, புதுச் சீலர் படவில்லை. விரல் நீளக் கோடாக இருக்கும்போதே கண்ணில் பட்டது, நிறம் வெளிர் சாம்பல் என்பதால். சுரண்டி, எபாக்ஸி வைத்து, சீலர் போட்டோம். வெட்டிப் போட்ட தரையில் இதுவரை துரு இல்லை.

மறுபடி செய்தால்

கேஜின் கால்கள் எங்கே நிற்கும் என்று முதலிலேயே தரையில் குறித்துவிட்டு, அந்த இடங்களிலும் துரு சந்தேகம் உள்ள இடங்களிலும் மட்டும் தாரை எடுக்கச் சொல்வேன். ஃபயர்வாலிலும் டனலிலும் ஒட்டிக் கெட்டியாக இருக்கும் தாரை விட்டுவிடலாம். ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ கூடும், சூடும் சத்தமும் குறையும், சீலரும் பிழைக்கும். சுரண்டுவதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் அடைப்பானையும் போட்டோ எடுத்து எண் போட்டுவிட வேண்டும். பூத்தையும் முகமூடியையும் எபாக்ஸி கலக்கும் முன்பே உறுதி செய்துகொண்டால் மறுதேய்ப்பு மிச்சம்.

எடையைப் பொறுத்தவரை, சீட்டும் ஸ்டெப்னியும் கழற்றிய அந்த முதல் மாலையோடு பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. மீதி நாட்களையும் பணத்தையும் தரைத் தகட்டைச் சோதிக்கவும் கேஜுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, எடைக் குறைப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இந்த வண்டியில் அடுத்ததாக முன்னால் இருக்கும் பேட்டரியை மூடிய பெட்டியில், வெளியே காற்றுப்போக்கு வைத்து, டிக்கிக்கு மாற்றப் போகிறோம். மொத்த எடை கேபிள் அளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பின் சக்கரங்களுக்கு அந்தப் பாரம் வேண்டும்.